துண்டுச்சீட்டும் 45 நாளும்

1980களின் திருப்பூரில் பனியன் கம்பெனிக்காரர் ஒருவருக்கும், அவருக்குத் துணி ஓட்டிக்கொடுத்த நிட்டிங்காரருக்கும் இடையிலான ஒப்பந்தம் பெரும்பாலும் உள்ளங்கை அகலத் துண்டுச்சீட்டில் அடங்கிவிட்டது. நூலின் கவுண்ட், எத்தனை கிலோ, கிலோவுக்கு என்ன கூலி, என்றைக்கு வேண்டும். அவ்வளவுதான். கீழே ஒரு கையெழுத்து இருக்கும். சில சமயம் அதுவும் இருக்காது. இன்று ஐரோப்பியக் கம்பெனி ஒன்றிடமிருந்து வரும் பர்ச்சேஸ் ஆர்டரோடு பல பக்கக் கையேடு ஒன்றும் சேர்ந்து வருகிறது. சாயத்தின் நிறம் எந்த விளக்கொளியில் பார்க்கப்படும், அட்டைப்பெட்டியில் லேபிளை எங்கே ஒட்ட வேண்டும், தாமதத்துக்கு எவ்வளவு கழிக்கப்படும், தகராறு வந்தால் எந்த நாட்டு நீதிமன்றம் விசாரிக்கும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். சம்மதம் என்று கணினியில் ஒரு கட்டத்தைத் தட்டினால் ஒப்பந்தம் ஆகிவிட்டது.

1985இல் ஊரின் ஏற்றுமதி சுமார் 15 கோடி ரூபாய் என்று சொல்வார்கள். இன்று அது ஆண்டுக்கு 30,000 கோடியைத் தாண்டிவிட்டது. இத்தனை வளர்ச்சிக்கு நடுவிலும் அடிப்படையில் மாறாமல் நிற்பது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். அதன்படி அன்றைய துண்டுச்சீட்டும் ஒப்பந்தம்தான். சீட்டே இல்லாத வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். நஷ்டஈட்டைப் பற்றிய 73ஆவது பிரிவும், முன்பே எழுதி வைத்த அபராதத்தைப் பற்றிய 74ஆவது பிரிவும் எங்கள் தாத்தா காலத்திலும் இருந்தன. அந்த உரிமையை ஒரு சிறு முதலாளி எங்கே கொண்டுபோவது, எவ்வளவு செலவில், எத்தனை நாளில், யாருடைய பகையைச் சம்பாதித்துக்கொண்டு என்பதில்தான் எல்லா மாற்றமும் நடந்திருக்கிறது.

தகராறுக்கான காரணங்கள்கூட அதிகம் மாறவில்லை. நிறம் ஒத்துவரவில்லை, எடை குறைகிறது, துவைத்தால் சுருங்குகிறது, சொன்ன தேதிக்கு வரவில்லை, பணம் வரவில்லை. நிறத் தகராறையே எடுத்துக்கொள்வோம். சாயப்பட்டறையிலிருந்து வந்த துணியைக் கம்பெனி வாசலில் வெயிலுக்குக் கொண்டுவந்து விரிப்பார்கள். ஒரு கையில் சாம்பிள் துண்டு, மறு கையில் வந்த துணி. பட்டறைக்காரர் "ஒரே ஷேடுதானுங்க" என்பார். கம்பெனிக்காரர் "நல்லாப் பாருங்க, நீலம் தூக்கலா இருக்குது" என்பார். இருவருக்கும் தெரிந்த டையிங் மாஸ்டர் ஒருவரை வரவழைப்பார்கள். அவர் கண் பார்த்துச் சொன்னதே தீர்ப்பு. இன்று முதலில் லேப் டிப் என்ற சாயமேற்றிய மாதிரித் துண்டுக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். நிறத்துக்கு பான்டோன் எண் உண்டு. லைட் பாக்ஸுக்குள் டி65 விளக்கு உண்டு. இரண்டு நிறங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தை எண்ணாகச் சொல்ல ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் இருக்கிறது. அந்த எண் 1க்குள் இருக்க வேண்டும் என்று வாங்குகிறவர்கள் பலர் கேட்கிறார்கள். கருவி யாருக்கும் பங்காளியில்லை. நிறத்தைப் பொறுத்தவரை நடந்திருப்பது முழு முன்னேற்றம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பணத் தகராறு அப்படி இல்லை. அதைத் தீர்க்க அன்று ஒரு மூன்றாவது மனிதர் தேவைப்பட்டார். பெரும்பாலும் அவர் இரு தரப்புக்கும் நூல் கடன் கொடுத்த வியாபாரியாகவோ, பழைய கம்பெனியின் பெரிய முதலாளியாகவோ, சங்கத்தில் பொறுப்பில் இருந்தவராகவோ இருப்பார். அவர் கடையிலோ வீட்டுத் திண்ணையிலோ உட்கார்ந்து பேசுவார்கள். முதல் நாள் இருவரும் சத்தம் போடுவார்கள். இரண்டாம் நாள் கணக்கு நோட்டைப் புரட்டுவார்கள். சாயத்துக்குப் போய் வந்த துணியில் எவ்வளவு கழிவு வழக்கம் என்பது ஊருக்கே தெரிந்த கணக்கு. அதற்கு மேல் குறைந்ததை யார் ஏற்பது என்பதுதான் பேச்சு. பெரும்பாலும் பாதிக்குப் பாதி என்று முடியும். எதையும் எழுதிக்கொள்ள மாட்டார்கள். அடுத்த வாரம் அதே பட்டறைக்கு அதே கம்பெனியிலிருந்து வேன் போகும்.

இந்தக் கடைசி வாக்கியம்தான் அந்த ஏற்பாட்டின் உயிர் என்று நினைக்கிறேன். யார் சரி என்று கண்டுபிடிப்பதைவிட, இருவரும் தொடர்ந்து தொழில் செய்ய வேண்டும் என்பதே நடுவில் உட்கார்ந்தவரின் கவலை. அவர்கள் இருவரும் பிழைத்தால்தான் அவருடைய நூல் பாக்கியும் வசூலாகும். ஆகவே அவருடைய நடுநிலைக்குள் அவருடைய லாபமும் இருந்தது. இருந்தும் அது வேலை செய்தது.

யாருக்கு வேலை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமை. பத்து பவர்டேபிள் போட்டுத் தைத்துக்கொடுத்த ஜாப் ஒர்க்காரர் சனிக்கிழமை மாலைக்குள் ஆட்களுக்குச் சம்பளம் எண்ணி வைத்தாக வேண்டும். 40,000 ரூபாய் பில்லுக்கு "இப்போதைக்கு 25,000 வாங்கிக்கோங்க, மீதி கணக்குல பாத்துக்கலாம்" என்று வெள்ளிக்கிழமை சொன்னால், மறுக்க அவருக்கு நேரமில்லை. மீதியைக் கேட்கத் தீபாவளிக்கு முன் போனால், மூன்று மாதத்துக்கு முந்திய பீஸில் தையல் பிரிந்திருந்தது என்ற புகார் அப்போதுதான் முதன்முதலாக வெளியே வரும். நடுவில் பேச அவருக்கு ஆள் கிடைப்பதும் அரிது. திண்ணைப் பஞ்சாயத்துக்கு வர ஒருவருக்கு ஊரில் உறவோ, சொத்தோ, பெயரோ இருக்க வேண்டும். தெற்கிலிருந்து பிழைக்க வந்து யூனிட் தொடங்கியவருக்கும், கணவர் இறந்தபின் யூனிட்டை நடத்திய பெண்ணுக்கும் அந்தத் திண்ணை எளிதில் இடம் தந்ததில்லை.

பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகளைப் பற்றிச் செய்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. ஊரில் வேரூன்றிய கவுண்டர் சமூகத்தார் தொழில் தொடங்கும்போது வெளியாரைவிட அதிக முதலோடு தொடங்கினார்கள். ஆனால் வெளியாரின் ஏற்றுமதி வேகமாக வளர்ந்து அவர்களை முந்தியது என்று அது காட்டியது. திறமை ஓரிடத்திலும் பணம் ஓரிடத்திலும் இருந்தது என்பதே அதற்குப் பொருள். நம்பிக்கையின் பேரில் நடந்த வியாபாரத்தை நினைத்து ஏங்குகிறவர்கள், அந்த நம்பிக்கைக்கு ஒரு வேலி இருந்ததையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

பேச்சு முறிந்தால் அன்று கோர்ட்டுதான். ஆனால் போனவர்கள் குறைவு. தமிழ்நாட்டின் 1955ஆம் ஆண்டு நீதிமன்றக் கட்டணச் சட்டப்படி, பண வசூல் வழக்குக்கு நூற்றுக்கு ஏழரை ரூபாய் கட்டணம். 10 லட்சம் வர வேண்டியிருந்தால், அதைக் கேட்பதற்கே 75,000 ரூபாய் கட்ட வேண்டும். பணம் வராததால் முடங்கிக் கிடப்பவரிடம் அந்தத் தொகை எங்கே இருக்கும்? 2017இல் கட்டணம் நூற்றுக்கு 3 ரூபாயாகக் குறைந்தது. அதே வழக்குக்கு இன்று 30,000. வழக்குப் போடுவதற்கான மூன்றாண்டுக் காலவரம்பு அன்றும் இன்றும் ஒன்றே. கணக்குப் புத்தகத்தைச் சாட்சியாக வைக்கலாம், ஆனால் அது ஒன்றை மட்டும் வைத்துக் கடனை நிரூபிக்க முடியாது என்ற விதியும் அப்படியே இருக்கிறது. துண்டுச்சீட்டைத் தொலைத்துவிட்டு, பேரேட்டை மட்டும் பத்திரமாக வைத்திருந்த பலருக்கு இந்த விதி வக்கீல் வீட்டில்தான் தெரிய வந்தது.

தனி நடுவரை வைத்துத் தீர்க்க 1940ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. அதன்படி நடுவர் சொன்ன தீர்ப்பை மறுபடி நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, நீதிமன்றத்தின் ஆணையாக மாற்றிக்கொள்ள வேண்டும். கோர்ட்டைத் தவிர்க்கப் போனவர் அதே வாசலில் வந்து நின்றார். 1996இல் வந்த புதிய சட்டம் நடுவர் தீர்ப்பையே நீதிமன்ற ஆணை போல நிறைவேற்றலாம் என்றது. 2015இல் 12 மாதம் என்ற காலவரம்பும் வந்தது. கம்பெனியே ஒரு தரப்பாக இருக்கும் தகராறுக்கு அதன் மேலதிகாரி தன்னிச்சையாக நடுவரை நியமிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொன்னது. பெரிய கம்பெனியின் அச்சடித்த ஒப்பந்தத்தில் கண்ணை மூடிக் கையெழுத்துப் போட்டுவந்த சிறு சப்ளையர்களுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் சிறு முதலாளியின் அன்றாடத்தை முதலில் மாற்றியது செக்தான். 1989 ஏப்ரல் 1க்கு முன், பணமில்லாமல் திரும்பிய செக் வெறும் கடன் அத்தாட்சி. அதை வைத்துச் சிவில் வழக்குப் போடலாம். மோசடி என்று போலீசில் சொன்னால், ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்டச் சொல்வார்கள். அன்று நடைமுறைக்கு வந்த, மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவு, செக் திரும்புவதையே குற்றமாக்கியது. முதலில் ஓராண்டு வரை சிறை, பிறகு 2002இன் திருத்தத்தால் இரண்டாண்டு வரை. அபராதம் செக் தொகையைப் போல இரு மடங்கு வரை. இன்று செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம், தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் என்று இந்தக் கணக்கு ஊரில் பள்ளிக்கூடம் போகாத யூனிட்காரருக்கும் மனப்பாடம்.

செக்குக்குப் பல் முளைத்ததும், தேதி போடாத செக்கைப் பிணையாக வாங்கி வைக்கும் வழக்கம் வந்தது. வார்த்தைக்குப் பதில் செக். முன்பு "மாமா சொல்லிட்டாரு" என்று சரக்கை ஏற்றிவிட்டவர்கள், "ரெண்டு லீஃப் செக் வாங்கிட்டியா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். பயம் வேலை செய்தது, வசூல் ஆயிற்று. ஆனால் எல்லோரும் ஒரே வாசலுக்குப் போனால் அங்கும் கூட்டம் நெரியும். 2019 இறுதியில் நாட்டில் நிலுவையில் இருந்த 2.31 கோடி குற்ற வழக்குகளில் 35.16 லட்சம் செக் வழக்குகள் என்ற கணக்கை உச்ச நீதிமன்றம் 2021இல் எடுத்துவைத்துக் கவலைப்பட்டது. வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடாகத் தரச்சொல்லலாம் என்று 2018இல் செய்த திருத்தம், அந்தத் தாமதத்தின் வலியைக் கொஞ்சம் குறைக்கிறது.

இன்றைய சிறு உற்பத்தியாளரின் கையில் உள்ள மிகக் கூர்மையான ஆயுதம் வேறு. 1993இல் சிறு தொழில்களுக்குத் தாமதமாகத் தரும் பணத்துக்கு வட்டி உண்டு என்று ஒரு சட்டம் வந்தது. அதில் 1998இல் செய்த திருத்தம், என்ன பேசிக்கொண்டாலும் 120 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது என்றது. 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம் அந்த எல்லையை 45 நாளாகக் குறைத்தது. மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டுவட்டி. வங்கி விகிதம் 6.75 சதவீதமாக இருந்த 2023-24இல் அது 20.25 சதவீதம். இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதே சட்டத்தின் இன்னொரு வரி: சரக்கைப் பெற்ற 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், ஏற்றுக்கொண்டதாகவே பொருள். தீபாவளிக்கு முன் கணக்குக் கேட்கும்போது தையல் பிரிந்த கதையைச் சொல்ல இனி இடமில்லை.

வழக்கும் நம் ஊர்ப் பக்கத்திலேயே நடக்கிறது. வாங்கியவர் டெல்லியில் இருந்தாலும் மும்பையில் இருந்தாலும், விற்றவரின் பகுதியில் இச்சட்டப்படி அமைந்த வசதியாக்கல் மன்றம் விசாரிக்கலாம். தமிழ்நாட்டில் சென்னையோடு கோவை, மதுரை, திருச்சியிலும் மன்றம் அமைந்தது. 2017இல் சமாதான் இணையதளம் வந்தபின் வீட்டிலிருந்தே மனுப் போடலாம் என்றானது. முதலில் சமரசம், முடியாவிட்டால் நடுவர் விசாரணை, 90 நாளில் முடிவு என்பது சட்டத்தின் கணக்கு. நடைமுறையில் அது நீள்வது வேறு விஷயம். தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக வேண்டுமானால் 75 சதவீதத் தொகையை முதலில் கட்ட வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு நடுவர் ஏற்பாடு எழுதியிருந்தாலும் சிறு உற்பத்தியாளர் இந்த மன்றத்துக்கு வரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அன்று சனிக்கிழமைச் சம்பளத்துக்காகப் பில்லில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தவரின் பேரன், சட்டத்தில் இன்று இவ்வளவு உயரத்தில் நிற்கிறான்.

ஆனாலும் மனுப் போடத் தயங்குகிறான். மனுப் போட்ட மறுநாள் அந்தக் கம்பெனியின் ஆர்டர் நிற்கும். அவர்கள் சொல்லி இன்னும் இரண்டு கம்பெனிகள் ஒதுங்கும். பலர் கடையை மூடும் நிலைக்கு வந்தபின், இழக்க ஒன்றுமில்லாதபோதுதான் மன்றத்துக்கு வருகிறார்கள். வந்தபின்னும் அசல் கிடைத்தால் போதும் என்று வட்டியை விட்டுவிடுகிறார்கள். இந்தத் தயக்கத்தை அரசும் புரிந்துகொண்டிருக்கிறது. புகார் தராமலே பணம் வரட்டும் என்றுதான் 2023இல் வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவில் ஓர் உட்பிரிவைச் சேர்த்தார்கள். குறு, சிறு உற்பத்தியாளருக்குத் தர வேண்டியதை எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள், இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள் தராவிட்டால், பணம் தந்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். 2024 மார்ச்சில் பல பாக்கிகள் அவசரமாக அடைந்தன. அதே மாதங்களில், "உத்யம் பதிவைக் கேன்சல் பண்ணிட்டு வாங்க, ஆர்டர் தர்றோம்" என்ற பேச்சும் ஊரில் கேட்டது. உத்யம் என்பது குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு. சட்டம் கைகொடுத்த அதே இடத்தில், அந்தக் கையை உதறிவிட்டு வரச் சொன்னார்கள். இது நியாயமில்லை என்று சங்கங்கள் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

கடல் கடந்த வாங்குவோரிடம் இந்த 45 நாள் செல்லாது. அங்கே காற்று எதிர்த் திசையில் வீசியிருக்கிறது. முன்பு எல்.சி. என்ற வங்கி உறுதிக் கடிதம் கைக்கு வராமல் ஏற்றுமதியாளர்கள் நூல் வாங்கவே மாட்டார்கள். பத்திரங்கள் எழுத்துப் பிசகாமல் இருந்தால், வாங்கியவர் என்ன சொன்னாலும் அவருடைய வங்கி பணம் தந்தாக வேண்டும். தகராறெல்லாம் பத்திரத்தில் ஒரு பெயர் மாறிவிட்டது என்ற அளவில் இருக்கும். இன்று பெரும் கடைகளுக்கு அனுப்பும் சரக்கில் பெரும்பகுதி கடன் பேரில் போகிறது. சரக்கு முதலில், பணம் 60 நாளோ 90 நாளோ கழித்து, கழிவுகள் போக. 2020இல் பிரிட்டனின் டெபன்ஹாம்ஸ், அமெரிக்காவின் ஜே.சி.பென்னி போன்ற பெயர்பெற்ற கடைகளே கடன் கட்ட முடியாத நிலைக்கு வந்தன. அப்படி ஒரு கடை விழும்போது ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டிப் பயனில்லை, இ.சி.ஜி.சி.யின் ஏற்றுமதிக் கடன் காப்பீடு எடுத்திருந்தால் உண்டு. லண்டனிலோ நியூயார்க்கிலோ வழக்காட 30 லட்ச ரூபாய் சரக்கு அனுப்பியவரால் ஆகுமா? எந்த நாட்டு நீதிமன்றம் என்று கையேட்டின் கடைசிப் பக்கத்தில் உள்ள அந்த ஒரு வரியே அவருடைய வழக்கை முன்கூட்டி முடித்துவிடுகிறது.

யாருடைய தவறும் இல்லாமல் ஒப்பந்தம் உடையும் நாள்களையும் இந்த ஊர் கண்டிருக்கிறது. நொய்யலில் கலந்த சாயக்கழிவுக்காக 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஆற்றுக்கும் விவசாயிக்கும் அந்த ஆணை தேவையாகவே இருந்தது. ஆனால் அன்று கையில் ஆர்டர் இருந்தவர்களுக்குத் துணி வெள்ளையாக நின்றுவிட்டது. வெளி மாநிலங்களுக்கு லாரியில் அனுப்பிச் சாயம் ஏற்றி வந்தார்கள். தேதி தவறிய சரக்கை விமானத்தில் தம் செலவிலேயே அனுப்பினார்கள். நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆவது பிரிவு சொல்கிறதே என்று சிலர் கேட்டார்கள். எந்தப் பட்டறையில் சாயம் போடுவது என்று ஆர்டரில் எழுதாதபோது, வேறு ஊரில் போட்டிருக்கலாமே என்ற வாதத்துக்குப் பதில் சொல்வது கடினம். 2022 மே மாதம் பஞ்சு விலை கண்டிக்கு ஒரு லட்ச ரூபாயைத் தொட்டு, 16, 17 தேதிகளில் ஊரே வேலைநிறுத்தம் செய்தபோதும் இதே கேள்வி வந்தது. பழைய நூல் விலையில் ஒத்துக்கொண்ட ஆர்டரிலிருந்து விலகலாமா? விலை ஏறிவிட்டது என்பது விலகக் காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் 1960இலேயே சொல்லிவிட்டது. திண்ணைக் காலத்தில் இதற்கு விடை வேறு. "நூல் ஏறிப்போச்சு, கிலோவுக்கு ரெண்டு ரூபா சேத்துக் குடுங்கண்ணா" என்றால் ஒரு ரூபாயாவது கூடும். இன்று கூட்டித்தரும் அதிகாரம் எதிரே உட்கார்ந்திருக்கும் மெர்ச்சண்டைசர் பையனிடம் இல்லை. அவன் மேலதிகாரியிடமும் இல்லை.

படிக்காமல் போட்ட கையெழுத்தின் விலையை ஊர் கற்றுக்கொண்ட ஆண்டு 2008. அதற்கு முந்தைய ஆண்டு டாலர் 40 ரூபாய்க்குக் கீழே சரிந்தபோது, நஷ்டத்தைத் தடுக்கும் ஏற்பாடு என்று சொல்லி வங்கிகள் சில அந்நியச் செலாவணி ஒப்பந்தங்களை விற்றன. ஐரோப்பாவுக்குப் பனியன் அனுப்பியவர், டாலருக்கும் சுவிஸ் ஃபிராங்குக்கும் இடையிலான ஏற்ற இறக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். 2008 மார்ச்சில் டாலர் ஒரு ஃபிராங்குக்கும் கீழே போனது. தொழிலில் பல ஆண்டுகள் சேர்த்தது காகிதத்தில் கரைந்தது. இவை சூதாட்ட ஒப்பந்தங்கள், ஆகவே ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆவது பிரிவின்படி செல்லாதவை என்று பலர் வழக்காடினார்கள். கோவையின் ராஜ்ஸ்ரீ சுகர்ஸ் தொடுத்த வழக்கில், அப்படிப்பட்ட ஒப்பந்தம் சூதாட்டம் ஆகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2008 அக்டோபரில் சொன்னது. விதிகளை மீறியதற்காக ரிசர்வ் வங்கி 2011 ஏப்ரலில் 19 வங்கிகளுக்கு அபராதம் விதித்தது. ஒரு வங்கிக்கு 5 லட்சம் முதல் 15 லட்சம் வரை. கோடிகளில் இழந்தவர்கள் அந்தத் தொகையைப் பார்த்துத் திகைத்தார்கள். வங்கி மேனேஜர் நம்ம ஆள், தவறாகச் சொல்லமாட்டார் என்ற திண்ணைக் காலத்து மனசோடு, புதிய காலத்துப் பத்திரத்தில் கையெழுத்திட்டதுதான் அங்கே நடந்தது. பழைய நம்பிக்கையும் புதிய காகிதமும் மோதிய இடங்களில் அதைவிடக் கொடியது எதுவும் எனக்குத் தெரியாது.

சாட்சியங்களோ இன்று குவிந்து கிடக்கின்றன. சரக்கு போனதற்கு இ-வே பில் சொல்லும், பில் போட்டதற்கு ஜி.எஸ்.டி. கணக்கு சொல்லும், பேசியதற்கு வாட்ஸ்அப் சொல்லும். "ஓகே, கட்டிங் போடுங்க" என்ற ஒரு வரிக்காக வக்கீல்கள் செல்போனைப் புரட்டுகிறார்கள். மின்னணுப் பதிவைச் சாட்சியாக வைக்கச் சான்றிதழ் வேண்டும் என்பது முன்பே இருந்த விதி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டம் அதன் படிவத்தை இன்னும் விரிவாக்கியிருக்கிறது. போனை மாற்றும்போது பழைய உரையாடலை அழித்துவிடுகிறவர், துண்டுச்சீட்டைத் தொலைத்த தாத்தாவின் இடத்துக்கே திரும்பப் போகிறார்.

இத்தனைக்கும் நடுவில் காணாமல் போனவர் அந்த மூன்றாவது மனிதர். அவரைச் சட்டத்தின் வழியாகத் திரும்ப அழைத்துவரும் முயற்சி நடக்கிறது. 3 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட வணிக வழக்கில், அவசரத் தடை எதுவும் கேட்காவிட்டால், முதலில் சமரசப் பேச்சுக்குப் போயாக வேண்டும் என்று 2018இல் விதி வந்தது. அது கட்டாயம்தான் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2023இல் சமரசத்துக்கென்றே தனிச் சட்டம் வந்தது. 1990இல் தொடங்கிய திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கமும் உறுப்பினர்களின் தகராறுகளை ஆர்பிட்ரேஷன் கமிட்டி வைத்துத் தீர்க்கப் பார்க்கிறது. இந்தப் புதிய திண்ணைகளில் வெளியூர்க்காரருக்கும் பெண்ணுக்கும் நாற்காலி உண்டு. பேசி முடித்ததை எழுதிக் கையெழுத்தும் வாங்குகிறார்கள். பழைய திண்ணையைவிட இவை நல்லவை என்றே சொல்வேன். இருந்தாலும் வக்கீல் நோட்டீஸ் போய், பதில் நோட்டீஸ் வந்து, மனம் கசந்தபின்தான் ஆட்கள் இங்கே வருகிறார்கள். முன்பு குறை தெரிந்த அன்று சாயங்காலமே வண்டியை எடுத்துக்கொண்டு எதிர்த் தரப்பின் கம்பெனிக்குப் போய் நின்றார்கள். பாதித் தகராறு அந்த நடையிலேயே கரைந்தது. இன்று பணத்தைக் கழித்துக்கொண்டதாகச் சொல்லும் டெபிட் நோட் மெயிலில் வருகிறது. அதை அனுப்பியவரின் முகம்கூடப் பலருக்குத் தெரியாது.

யூனிட் நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உத்யம் பதிவை இந்த வாரமே முடியுங்கள். பதிவுக்கு முன் அனுப்பிய சரக்குக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் சலுகை உண்டா என்பதே உச்ச நீதிமன்றம் வரை போய் நிற்கும் கேள்வி. பதிவு எண்ணைப் பில்லில் அச்சடியுங்கள். டெலிவரி சலானில் வாங்கியவரின் பெயர், தேதி, கையெழுத்து மூன்றும் இருக்கட்டும். குறை என்று யாராவது சொன்னால் அன்றே நேரில் போய்ப் பாருங்கள். பேசியதை அன்று இரவே இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். 15 நாள் கழித்து டெபிட் நோட் வந்தால், அதை ஏற்கவில்லை என்று மறுநாளே எழுத்தில் பதில் கொடுங்கள்.